ஒன்றைப்போல் ஒன்றில்லாத கற்கள்

சியோலில் வந்திறங்கும் வெளியூர்க்காரரின் கண் முதலில் மேலேதான் போகும். 123 மாடிகளோடு 555 மீட்டர் எழுந்து நிற்கும் லோட்டே வேர்ல்டு டவர் அப்படி அண்ணாந்து பார்க்கவைக்கும். ஆனால் அந்த நகரம் என்னைக் கட்டிப்போட்டது காலடியில். சியோலின் அழகு கல்லில் இருக்கிறது. தரையில் பதித்த கல்லில், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் அடுக்கிய கல்லில். வடக்கே புகாக்சான், மேற்கே இன்வாங்சான் என ஊரை ஒட்டி நிற்பவை வெளிறிய கிரானைட் மலைகள். மலையாக நிற்பதும் கல்தச்சனின் கைபட்டு ஊராக ஆனதும் ஒரே இனத்துக் கல்.

கியோங்போக்குங் அரண்மனையில், அரசவை மண்டபமான குன்ஜொங்ஜொன்னின் முற்றத்தில் நின்று சற்றே குனிந்து பாருங்கள். பரப்பியிருக்கும் பலகைக் கற்களில் எதுவும் சரியான சதுரமில்லை, எதிலும் வழவழப்பில்லை. ஒன்றின் விளிம்பு உள்வாங்கும் இடத்தில் அடுத்ததின் விளிம்பு புடைத்து வந்து உட்காருகிறது. நாட்டின் தலையாய மண்டபத்துக்கு முன்னால் ஏன் இந்தச் சொரசொரப்பு? மெருகேற்றிய கல்லாக இருந்தால் உச்சி வெயில் பட்டு எதிரே நிற்பவரின் கண் கூசும். மழை நாளில் கால் வழுக்கும். கரடுமுரடான பரப்பு ஒளியை உடைத்துச் சிதறவிடுகிறது. முற்றம் முழுவதும் தெற்கு நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிகிறது. பெய்த மழை கற்களின் வளைந்த இடுக்குகள் வழியே நெளிந்து நெளிந்து வடிகிறது. தரையில் ஆங்காங்கே இரும்பு வளையங்கள். விழா நாட்களில் நிழலுக்காகக் கட்டிய விதானங்களின் கயிறுகளை இவற்றில்தான் இழுத்துக் கட்டினார்கள்.

மண்டபத்தின் கல்மேடை மூலையில் இரண்டு விலங்குகள் காவலிருக்கின்றன. உற்றுப் பார்த்தால் அவை இரண்டில்லை, மூன்று: தாயின் மேல் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்புறத்து யொங்ஜேகியோ பாலத்தின் ஓரம், நீரைக் காக்கும் நான்கு விலங்குகளில் ஒன்று மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அரசவைக்குப் போகும் பெரிய மனிதர்கள் நடந்த வழி அது. அந்த வழியிலும் உளி இப்படி விளையாட இடம் இருந்திருக்கிறது.

ஜோங்ம்யோவில் கல்லின் குரல் மாறிவிடுகிறது. ஜோசொன் வம்சத்து மன்னர்களின் ஆன்மப் பலகைகளை வைத்து வணங்கும் ஆலயம் இது. நுழைந்ததுமே ஒரு கல்பாதை, மூன்று பட்டைகளாக. நடுப்பட்டை சற்றே உயர்ந்திருக்கும். அது முன்னோரின் ஆவிகளுக்கு. கிழக்குப் பட்டை மன்னருக்கு, மேற்குப் பட்டை இளவரசருக்கு. நடுவில் மிதிக்க வேண்டாம் என்று இன்றும் வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பாதையும் சமமாக இழைத்ததில்லை. விறுவிறுவென்று நடக்க முடியாது. தலை தானாகத் தாழும், நடை தானாக மெதுவாகும். யாரும் சொல்லாமலே கல் பணிவைக் கற்றுத்தருகிறது. பாதையின் முடிவில் 19 அறைகள் ஒரே கூரையின்கீழ் நீளும் பெரிய மண்டபம். மன்னர்கள் மறைய மறைய, அவர்களுக்கு இடம் வேண்டி, மண்டபத்தைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். உயரத்தால் வரும் கம்பீரத்தை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே கம்பீரம் கிடந்த நிலையில் வருகிறது.

நிதானமாகப் பார்க்க வேண்டியது நகர் மதில். 1396-ல் மன்னர் தேஜோ கட்டத் தொடங்கியது. மலை முகடுகளைப் பிடித்து ஊரைச் சுற்றி 18.6 கிலோமீட்டர் ஓடியது. நாக்சான் குன்றின்மேல் வெளிப்புறமாக நடந்தால் மதில் தன் வயதைத் தானே சொல்லும். அதிகம் செதுக்காமல் அடுக்கிய சின்னச் சின்னக் கற்கள் தேஜோ காலத்தவை. அடியில் பெரிதாகத் தொடங்கி மேலே போகப் போகச் சிறுத்து, முனை மழுங்கி, மக்காச்சோள மணிகள்போல் செறிந்திருப்பவை 1422-ல் மன்னர் செஜோங் புதுப்பித்தவை. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான சதுரங்களாக வெட்டி நேர்த்தியாக வைத்தவை 1704-ல் மன்னர் சுக்ஜோங் தொடங்கிய வேலை. பின்னால் வந்தவர் முன்னவரின் வரிசையைப் பிரித்தெறியவில்லை. இடிந்த இடத்தில் தம் காலத்துக் கைப்பழக்கத்தோடு தொடர்ந்தார்கள். அதனால் ஒரே மதிலில் மூன்று நூற்றாண்டுகளின் கையெழுத்து.

கையெழுத்து என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தேஜோ காலத்தில் மதிலை 97 பகுதிகளாகப் பிரித்து, ஆயிரம் எழுத்துப் பாடநூலின் சீன எழுத்துகளை வரிசையாக அவற்றுக்குப் பெயராக இட்டார்கள். எந்தப் பகுதிக்கு எந்த மாவட்டத்து ஆட்கள் பொறுப்போ, அந்த மாவட்டத்தின் பெயர் கல்லில் ஏறியது. பிற்காலத்தில் மேற்பார்வை அதிகாரியின் பெயரும் கல்தச்சரின் பெயரும் சேர்ந்துகொண்டன. சுவர் சரிந்தால் கட்டியவர்களையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்ல இந்த ஏற்பாடு. காரணம் கண்டிப்புதான். ஆனால் அந்தக் கண்டிப்பால்தான், கல் உடைத்த ஒரு மனிதனின் பெயர் வெயிலிலும் பனியிலும் தேய்ந்தபடி இன்றும் நம் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

ஊரின் நடுவே ஓடும் சொங்கியேசொன் ஓடையில் குவாங்தோங்கியோ பாலத்தின் அடியில் ஒதுங்கினால் வேறொரு வியப்பு. சுருள் சுருளான மேகங்களும் கைகூப்பிய காவல் தெய்வமும் செதுக்கிய அருமையான கற்கள், சில தலைகீழாக. 1410-ல் மன்னர் தேஜோங் இந்தப் பாலத்தைக் கல்லால் கட்டியபோது, தன் மாற்றாந்தாய் சின்தொக் அரசியின் பழைய கல்லறைக் கற்களை எடுத்துப் போட்டார். அரியணைப் போட்டியில் எழுந்த பகை அது. பழிக்காக வைத்த கற்கள்தான். ஆனாலும் அவற்றின் மேகங்களில் ஒரு சுருள்கூடக் குலையவில்லை. 1950-களின் இறுதியில் ஓடையைச் சாலையாக மூடியபோது பாலமும் மண்ணுக்குள் போனது. அந்தச் சாலைக்கு மேலே பின்னர் எழுந்த மேம்பாலத்தை இடித்து, 2005-ல் ஓடையைத் திறந்தபோது சற்று மேல்நீரோட்டத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. பாலத்தின் தூணில் நான்கு சீன எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். 1760-ல் ஓடையைத் தூர்வாரியபோது வெட்டியவை. நான்கும் தெரிந்தால் ஓடைப் படுகை சரியான மட்டத்தில் இருக்கிறது. மணல் ஏறி எழுத்தை மறைத்தால் மறுபடி தூர்வார வேண்டும். ஒரு நகரத்தின் நீர்க்கணக்கு நான்கே எழுத்தில்.

தோங்தேமுன் பழைய விளையாட்டரங்கை இடித்த இடத்தில் மதிலின் அடித்தளமும், நீர் வெளியேறிய இரட்டை வளைவு மதகும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அவற்றின் அருகிலேயே, ஜஹா ஹதீத் வடிவமைத்த டிசைன் பிளாசா 2014-ல் திறந்தது. 45,000-க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள், வெவ்வேறு அளவிலும் வளைவிலும், அதன் உடலைப் போர்த்தியிருக்கின்றன. பழைய கல்தச்சர் கண்ணால் அளந்து செய்ததை இங்கே கணினி அளந்து செய்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் எதிரெதிர்: ஒன்று சொரசொரப்பு, மற்றது வழுக்கும் வெள்ளி. ஆனால் இரண்டிலும் துண்டுகளை ஒரே அச்சில் வார்க்காமல், அதனதன் வடிவோடு இடம் கொடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

சியோலுக்குப் போனால் தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். ஒரு பகலை மதிலுக்கென்றே ஒதுக்குங்கள். பார்த்தால் மட்டும் போதாது, தடவிப் பாருங்கள். பெருமைக்குரிய இடங்களை வழவழப்பாக்கித்தான் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கே உடையும். பொருளின் இயல்பை அழிக்காமல் அதைக்கொண்டே ஒழுங்கைப் படைப்பது பெரிய கலை. அந்தக் கலையில் சியோல் கைதேர்ந்த ஊர்.