சட்டம் கொடுக்கும் நாள்

உன்னிச்சைக் குளத்து வயல்களில் வெட்டு முடிந்ததும் மட்டக்களப்பின் படுவான்கரை ஊர்களில் கூத்துப் பேச்சு எழும். அரங்கேற்றத்தைவிட எனக்குப் பிடித்தது சட்டம் கொடுக்கும் நாள்தான். குரலையும் உடற்கட்டையும் பார்த்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்கொரு பாத்திரம் தீர்ப்பார். அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் ஊரார் முன்னிலையில் கைக்கு வரும். அதை வாங்கும் புதுப் பொடியனின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கட்டியகாரன் வேடத்தைப் பாருங்கள். அரசன் வருமுன் வரவு சொல்பவன். வட்டக்களரியில் சனம் நாற்புறமும் இருக்கும். ஒரு பக்கம் பார்த்துச் சொன்னால் மறுபக்கத்துக்குச் சேராது. மத்தளத்துக்கும் சல்லரிக்கும் இசைந்து, சுற்றி ஆடியபடியே சொல்ல வேண்டும். சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என மாதக்கணக்கில் பழகியபின்தான் அரங்கேற்றம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' மேடையேற்றியபோது பல்கலைக்கழக மாணவரும் அண்ணாவியாரிடம்தான் பழகினார்கள்.

அந்தக் கட்டியகாரனைப் போலவே வரவு சொல்ல, நம் இலக்கிய ஆய்வுச் சங்கங்களுக்குச் செய்தித் தொடர்பாளராகப் புதிதாக வருபவருக்கோ ஒரு கடிதமும் கடவுச்சொல்லும் போதுமென்று விட்டுவிடுகிறோம். அவருக்கும் சபை கூட்டிச் சட்டம் கொடுங்கள். ஆய்வாளர்களோடு இருத்தி, கட்டுரைகளை வாய்விட்டு வாசிக்க விடுங்கள். முதல் அறிவிப்பை அதன் பிறகு எழுதட்டும்.