ஓங்கிய கையும் வினைநோக்கும்: சூப்பர் ஹீரோ உருவ வரைவு பற்றிய ஒரு திறனாய்வு

1978ஆம் ஆண்டில் வெளிவந்த 'மார்வெல் வழியில் காமிக்ஸ் வரைவது எப்படி' என்னும் ஆங்கில நூல் ஓவியம் பயில்வோருக்கான கைந்நூல் என்ற அளவிலேயே பெரும்பாலும் அறியப்பட்டுள்ளது. உரைப்பகுதி ஸ்டான் லீ எழுதியது. படங்கள் ஜான் பியூசெமா வரைந்தவை. விற்பனைக்கூவலை ஒத்த அதன் நடை ஆய்வாளரை எளிதில் விலகச் செய்யும். ஆயினும் அக்கூவலுக்குள் வினையைப் பற்றிய கோட்பாடு ஒன்று மறைந்து கிடக்கிறது. ஓர் அசைவை அசையாத ஒரே உருவத்தில் காட்ட வேண்டுமாயின் அவ்வசைவின் எந்தக் கணத்தைத் தேர்வது என்பதே அந்நூல் எழுப்பும் மைய வினா. வினைநோக்கை ஆராயும் மொழியியலாருக்கும், படத்தைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்ற வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வினா புறம்பானதன்று.

நூலின் பொது நெறி மிகை. இயல்பான மனிதனின் உயரம் 6½ தலை என்றால் நாயகனின் உயரம் 8¾ தலை என்று அது விதிக்கிறது. உடலின் நடுவே ஓடும் வளைகோட்டை முதலில் இட்டு, அதன்மேல் குச்சியுருவை நிறுத்தி, பின்னர் உருளைகளும் கோளங்களும் கொண்டு உடலை நிரப்புவது வரைமுறை. அக்கோடு நிமிர்ந்திருந்தால் உருவம் நிற்கிறது; வளைந்தால் இயங்குகிறது. இவ்வளவும் வேறு ஓவியக் கைந்நூல்களிலும் உள்ளனவே. பேர்ன் ஹோகார்த்தின் 1970ஆம் ஆண்டு நூலான 'இயங்குநிலை உருவ வரைவு' இதைவிடச் செறிவாகவே கூறும்.

தனித்துவம் உடையது செயல் பற்றிய இயல். குத்துவிடும் ஒருவனின் அசைவு அங்குப் பல உருவங்களாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. கை பின்னோக்கி இழுக்கப்பட்ட முதல் உருவமும், குத்து முடிந்து உடல் முழுவதும் முன்னோக்கிச் சரிந்த இறுதி உருவமுமே வலியவை; இடையில் வருபவை பிழையற்றவை எனினும் மெலிந்தவை என்பது நூலின் தீர்ப்பு. அதாவது, செயல் நிகழ்ந்துகொண்டிருக்கும் கணம் செயலைக் காட்டுவதற்கு உகந்ததன்று! முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் இக்கூற்றைத் தமிழ் வினையமைப்பின் ஒளியில் நோக்கினால் அது முரணன்று என்பது புலப்படும்.

தமிழில் 'ஓங்கு' என்பது உயர்தலைக் குறிக்கும் வினை. ஓங்கிய மரம், ஓங்கிய மலை என்கிறோம். 'கையை ஓங்கினான்' என்னும்போது அதுவே அடிப்பதற்கு முந்திய ஆயத்தத்தை உணர்த்துகிறது. இத்தொடரைக் கேட்பவர் அடி விழுந்ததாகக் கொள்வதில்லை. விழவில்லை என்றே பெரும்பாலும் கொள்வர். ஆனால் அவ்வினையே வினையெச்சமாகி 'ஓங்கி அடித்தான்' என்று வருங்கால் பொருள் பெயர்கிறது. இங்கு 'ஓங்கி' என்பது ஆயத்தத்தை மட்டும் குறிக்கவில்லை; அடியின் வன்மையைக் குறிக்கிறது. 'ஓங்கி உதைத்தான்' என்பதும் வழக்கே. கை உயரும் அசைவு அங்கு இல்லை. வன்மை என்னும் பொருளே எஞ்சி நிற்கிறது. 'எட்டி உதைத்தான்', 'வீசி அடித்தான்', 'பாய்ந்து தாக்கினான்' ஆகியவற்றிலும் செயலின் ஆற்றலை அளப்பது செயலுக்கு முந்திய அசைவே. மறுபுறம், 'அடித்து வீழ்த்தினான்', 'அடித்துப் போட்டான்' என்பவற்றில் பின்வரும் வினை விளைவைக் காட்டுகிறது. 'ஓங்கி அடித்து வீழ்த்தினான்' என்னும் தொடரில் நடுவில் நிற்கும் 'அடித்து' இன்றியமையாததுதான். ஆயினும் கேட்பவர் மனத்தில் உருவமாக எழுவது முதலும் ஈறுமே. பியூசெமாவின் வரைவுப்பலகை கண்டறிந்ததைத் தமிழ்ப் பேச்சுவழக்கு நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது.

எனவே அக்கைந்நூல் கூறும் செயல்நிலையை இருவகை வினைநோக்காகக் கொள்ளலாம். ஒன்று 'அடிக்கப்போகிறான்' என்னும் தொடக்கநோக்கு. மற்றொன்று 'அடித்துவிட்டான்' என்னும் முற்றுநோக்கு. தவிர்க்கப்படுவது 'அடித்துக்கொண்டிருக்கிறான்' என்னும் தொடர்நோக்கு. 1766இல் 'லாவோகூன்' நூலை எழுதிய லெஸ்ஸிங், ஓவியன் செயலின் உச்சத்தைத் தீட்டலாகாது, காண்பவரின் கற்பனைக்கு அதன்பின் வேலை இராது என்று வாதிட்டது இங்கு நினைக்கத்தக்கது. மார்வெல் நெறி லெஸ்ஸிங்குக்கு நேர் எதிரானது எனக் கருதுவோர் உண்டாயின் அது மேலோட்டமான கருத்தே. நாயகனின் உடல் எல்லைவரை முறுக்கப்படுவது உண்மைதான். ஆனால் உடலின் எல்லை வேறு, செயலின் உச்சம் வேறு. முட்டி தாடையைத் தொடும் கணமே செயலின் உச்சம்; அக்கணத்தை இக்கைந்நூலும் விலக்கவே செய்கிறது. லெஸ்ஸிங்கின் விதியை மிகையின் வழியாக நிறைவேற்றும் நெறி இது.

இந்நெறி எல்லாச் செயலுக்கும் பொருந்துமா? பொருந்தாது. அதற்குச் சான்று அதே நிறுவனத்தின் பக்கங்களிலேயே உள்ளது. ஸ்டீவ் டிட்கோ வரைந்து, 1966 பிப்ரவரி எனத் தேதியிடப்பட்டு வெளிவந்த 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழின் தொடக்கத்தில் நாயகன் மாபெரும் எந்திரம் ஒன்றின் கீழ் நசுங்கிக் கிடக்கிறான். சில பக்கங்கள் முழுவதும் அவன் செய்வது ஒன்றே: தூக்க முயல்கிறான். ஓங்கலும் இல்லை, வீழ்த்தலும் இல்லை. குனிந்த முதுகு, மடங்கிய முழங்கால், சொட்டும் நீர். கட்டத்துக்குக் கட்டம் உருவநிலை சிறிதளவே மாறுகிறது. இறுதியில் ஒரு முழுப்பக்கக் கட்டத்தில் சுமை மேலெழுகிறது. கைந்நூல் மெலிந்தவை என்று ஒதுக்கும் இடைநிலை உருவங்களைக் கொண்டே அப்பக்கங்கள் கட்டப்பட்டுள்ளன. 'தூக்கு' என்னும் வினை 'குத்து' என்னும் வினையைப் போன்றதன்று என்பதே காரணம். குத்துதல் கணநேர வினை. அதன் நடு வெறுமையானது. தூக்குதல் நீளும் வினை. அதன் பொருளெல்லாம் நடுவிலேயே உள்ளது. 'தூக்கிவிட்டான்' என்னும் முற்று வாசகரை நெகிழ்விப்பது 'தூக்கிக்கொண்டே இருந்தான்' என்பது முன்னே நிகழ்ந்துவிட்டதனால்தான். வினையின் உள்ளியல்பு மாறுந்தோறும் உகந்த உருவநிலையும் மாறும் என்பதை லீயும் பியூசெமாவும் எங்கும் கூறவில்லை. இதுவே அந்நூலின் பெருங்குறை. அடித்தலை வினைகளுக்கெல்லாம் வாய்பாடாகக் கொண்ட இலக்கணம் அது. வாய்பாடுகளுக்குச் 'செய்' என்பதைத் தேர்ந்த தமிழ் இலக்கணிகள் இன்னும் எச்சரிக்கையானவர்கள்.

அடுத்துக் கருதத்தக்கது வாசகரை நோக்கி நீளும் உறுப்பின் வரைவு. ஜோ சைமனும் ஜாக் கர்பியும் படைத்த 'கேப்டன் அமெரிக்கா' முதல் இதழின் அட்டையில் (மார்ச் 1941 எனத் தேதியிட்டது) நாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். ஹிட்லர் பின்னோக்கிச் சாய்கிறான். அங்கு விசை பக்கத்தின் குறுக்கே ஓடுகிறது. வாசகர் பக்கத்தில் நின்று பார்க்கும் சாட்சி. 1960களில் கர்பி வரைந்த நாயகர்களின் முட்டியோ தலையினும் பெரிதாகித் தாளைக் கிழித்து வருவதுபோல் வாசகரை எதிர்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளவின் வேறுபாடாக மட்டும் கைந்நூல் விளக்குகிறது. அது இடத்தின் வேறுபாடு என்பதே பொருத்தம். செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கினுள் வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுக்கிறது. 1941ஆம் ஆண்டு அட்டையின் குத்து படர்க்கையிடத்துச் 'செல்கிறது'. பிற்காலக் கர்பியின் குத்து வாசகரிடத்து 'வருகிறது'. பக்கவாட்டு உருவத்தில் வாசகர் மூன்றாமவர். முன்னோக்கிய உருவத்தில் அவரே முன்னிலை. அடிவாங்கும் இடத்தில் நிற்பவர் அவரே என்பதனால் அச்சமும் களிப்பும் ஒருங்கே பிறக்கின்றன.

இவ்வுத்திக்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் வேண்டும். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் க்ஷயம், விருத்தி என்னும் இரு சொற்களால் உருவம் திரும்புந்தோறும் உறுப்புகள் குறைந்தும் மிகுந்தும் தோன்றுவதை விளக்குகிறது. 'தேய்வும் மிகையும்' என்று அதைத் தமிழாக்கலாம். எனினும் அது பெரிதும் உடல் திரும்புதல் பற்றியது, கை நீளுதல் பற்றியதன்று. 'குறுக்கம்' என்னும் சொல்லே இங்குப் பொருந்தும். ஐகாரக் குறுக்கத்தில் ஐகாரம் இடம் நோக்கித் தன் மாத்திரையில் குறைகிறது. ஆனாலும் அது ஐகாரமாகவே உணரப்படுகிறது. நீட்டிய கையும் அவ்வாறே. தாளில் அதன் நீளம் ஒரு விரற்கடையாகக் குறைந்தாலும் காண்பவர் அதை முழுக்கையாகவே கொள்கிறார். 'பார்வைக் குறுக்கம்' என்று ஆள்வது தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு உடனே விளங்கும்.

'போஸ்' என்னும் சொல்லைப் பெயர்ப்பது இதனினும் கடினம். தமிழில் போஸ் கொடுக்கப்படுவது. 'அடிப்பதுபோல் போஸ் கொடுத்தான்' என்றால் அடிக்கவில்லை, அடிக்கும் எண்ணமும் இல்லை என்பது பொருள். பார்வையாளர் இருப்பதை அறிந்து அசையாது நிற்றலே தமிழர் வழக்கில் போஸ். எனவே செயற்படும் நாயகனின் உருவத்துக்கு அச்சொல் பொருந்தாது. 'நிலை' என்பது மேலானது. எய்வோர் நிலைகளாக ஆலீடம், பிரத்தியாலீடம் முதலியவற்றை நிகண்டுகள் குறித்துள்ளன. அவை வில்லாளி காண்போருக்குக் காட்டுபவை அல்ல, அம்பை விடுவதற்காக அவன் கொள்பவை. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு அப்பாலும் பயன்படும். 2014இல் 'ஸ்பைடர்வுமன்' முதல் இதழுக்கு இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா வரைந்த மாற்று அட்டை கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. உடை, உடலமைப்பு, நாணம் என்றெல்லாம் விவாதம் விரிந்தது. வினையை முன்வைத்து நோக்கின் குறை எளிதில் தெரியும். கட்டடத்தின் உச்சியில் கவிழ்ந்த அவ்வுருவம் ஏறி முடித்ததா, பாயப் போகிறதா என்பதற்கு உடலில் விடை இல்லை. நடுக்கோடு வளைந்திருக்கிறது, ஆனால் அவ்வளைவு எச்செயலுக்கும் எச்சமாக நிற்கவில்லை. அது நிலையன்று, தமிழ்ப்பொருளில் போஸ். பெண் நாயகியரை வரையும்போது மார்வெல் வழியே தன் விதியைக் கைவிடுகிறது என்பதற்கு இது ஒன்று மட்டுமே சான்றன்று.

படக்கதையை மொழியாகவே கொள்ளும் நீல் கோன், 2013ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் கட்டங்களைத் தொடக்கம், முகடு, தணிவு முதலிய வகைகளாகப் பகுத்துள்ளார். அவை தொடரில் கட்டம் வகிக்கும் பணியைக் குறிப்பன. கட்டத்துக்குள் உடல் வகிக்கும் வினைநோக்கை அல்ல. முகடாக அமையும் கட்டத்திலும் உடல் முற்றுநோக்கில் இருக்கலாம். சூப்பர் ஹீரோ கதைகளில் பெரும்பாலும் அவ்வாறே இருக்கிறது. இவ்விரு தளங்களையும் குழப்புவதால் மொழிபெயர்ப்பில் பிழை நேர்கிறது. எதிரி காற்றில் பறந்துவிட்ட கட்டத்தின் மேல் 'குத்துகிறான்' என்று எழுதினால் சொல் படத்துக்குப் பின்தங்கும். கை பின்னிழுக்கப்பட்ட கட்டத்தின் மேல் 'குத்தினான்' என்று எழுதினால் அடுத்த கட்டத்துக்கு வேலை இராது.

தமிழ்ச் சூழலில் இதற்கு வியப்பானதோர் எடுத்துக்காட்டு உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகத் தந்தது 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரித்தானியப் படக்கதை. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும். எஃகாலான வலக்கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நடுக்கோடு இல்லை, 8¾ தலை இல்லை, முறுக்கிய இடுப்பு இல்லை. வெற்றிடத்தில் ஒரு கை ஓங்குகிறது. மூலத் தலைப்பில் கூர்நகம் என்னும் பொருள்படும் சொல்லே இருந்தது. தமிழாக்கியோர் அதைக் 'கை' என்றாக்கி, மூலத்தில் இல்லாத 'மாயாவி'யை அதனோடு சேர்த்தனர். படம் காட்ட மறுத்த வினைமுதலைச் சொல் கொண்டுவந்து நிறுத்தியது.