தொட்டியில் சுருங்கிய தமனி

அசிட்டைல்கோலினை உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் செலுத்தினால் ரத்தக் குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். பிரிட்டிஷ் அறிஞர் ஹென்றி டேல் 1914-லேயே இதைத் தெளிவாகப் பதிவுசெய்திருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்துக் கரைசல் தொட்டியில் தொங்கவிட்ட பட்டையில் அதே பொருளைச் சோதித்தார். பட்டை விரியவில்லை, சுருங்கியது. 1953-ல் அந்த முடிவை உள்ளது உள்ளபடி வெளியிட்டார். உடலில் குழாயை விரிக்கும் பொருள் தொட்டியில் ஏன் சுருக்குகிறது என்ற கேள்விக்கு அடுத்த 25 ஆண்டுகள் தெளிவான விடை கிடைக்கவில்லை.

உடலிலிருந்து பிரித்தெடுத்த திசுவில் மருந்தைச் சோதிப்பது மருந்தியலின் பழைய, பெரும்பயன் தந்த வழிமுறை. அதன் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட ஃபர்ச்காட்டின் ஆய்வு வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

வழிமுறை எளிமையானது. ருடால்ஃப் மாக்னஸ் 1904-ல் குடல் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில் வைத்து, அது உடலுக்கு வெளியேயும் மணிக்கணக்கில் சுருங்கி விரிவதைக் காட்டினார். அதே ஏற்பாடுதான் இன்றும். கண்ணாடித் தொட்டியில் 37 டிகிரிச் சூட்டில் கரைசல். அடியிலிருந்து குமிழிட்டு வரும் ஆக்சிஜன். கீழ்முனை கொக்கியில் கட்டப்பட்டு, மேல்முனை நூலில் தொங்கும் தசைத்துண்டு. தமிழகத்தில் மருந்தியல் படித்த மூத்த தலைமுறையினர் இந்த நூலின் மறுமுனையை நன்கறிவார்கள்: ஒரு நெம்புகோல், அதன் நுனி உரசிச்செல்லும் புகைக்கரி படிந்த தாள், மெல்லச் சுழலும் கைமோகிராஃப் உருளை. மருந்தின் ஒரு துளி விழுந்ததும் கரியின்மீது வெள்ளைக்கோடு எழும்பும். கழுவினால் இறங்கும். அடுத்த அளவு, அடுத்த கோடு.

இந்த எளிமைதான் இதன் முதல் பலம். மூளையின் கட்டளை, இதயத் துடிப்பு, கல்லீரலின் சிதைவுவேலை என எதுவும் குறுக்கிடாமல், மருந்துக்கும் தசைக்கும் இடையே நடப்பதை மட்டும் பார்க்கலாம். எந்த அளவுக்கு எவ்வளவு சுருக்கம் என்று வரைபடம் போடலாம். நேரில் பார்க்க முடியாத ஏற்பிகள் எத்தனை வகை, அவற்றோடு ஒரு மருந்து எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்றெல்லாம் கணக்கிட அறிஞர்களுக்கு வழிகாட்டியவை இத்தகைய வரைபடங்களே. ஃபர்ச்காட்டும் 1950-களிலும் 60-களிலும் இந்தத் துறையில்தான் பெயர் பெற்றார். ஏற்பிகளில் ஒரு பகுதியை மீளாதபடி முடக்கிவிட்டு, எஞ்சியவற்றின் வினையைக் கொண்டு பிணைப்பின் வலிமையைக் கணிக்கும் அவரது முறை பாடநூல்களில் இடம்பெற்றது.

இரண்டாவது பலம் இன்னும் பெரியது. தேடும் பொருள் இன்னதென்று தெரியாதபோதும் தசை பதில் சொல்லும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் மூளையிலேயே மார்ஃபினைப் போன்ற பொருள் இருக்க வேண்டும் என்று கருதினார்கள். பன்றி மூளையின் சாற்றைக் கினிப்பன்றியின் குடல் துண்டிலும் சுண்டெலியின் விந்துக்குழாயிலும் சோதித்தார்கள். சாறு, மார்ஃபினைப் போலவே, நரம்பைத் தூண்டும்போது எழும் சுருக்கத்தை அடக்கியது. மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் அந்த விளைவையும் முறித்தது. 1975-ல் என்கெஃபலின் உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். மெல்பர்னில் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1960-களின் தொடக்கத்தில் கினிப்பன்றிக் குடல் தசையில், அன்று அறியப்பட்டிருந்த இரு நரம்புக் கடத்திகளின் வழிகளையும் மருந்தால் அடைத்த பிறகும், நரம்பைத் தூண்டினால் தசை தளர்வதைக் கண்டார்கள். மூன்றாவது வகைக் கடத்தி உண்டு, அது ஏடிபி என்று 1972-ல் பர்ன்ஸ்டாக் விரிவாக வாதிட்டார். செல்லின் எரிபொருளான ஏடிபி செய்தி சுமக்கும் என்பதைப் பலர் ஏற்கவில்லை. 1990-களில் அதன் ஏற்பிகளின் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்ட பிறகே எதிர்ப்பு அடங்கியது.

இனி பலவீனம்.

தசை பதில் சொல்லும். ஆனால் ஆய்வாளர் எதை மிச்சம் வைத்தாரோ அது மட்டுமே பதில் சொல்லும். பெருந்தமனியின் தசைநார்கள் குழாயைச் சுற்றி ஓடுபவை. அவற்றின் சுருக்கத்தை நீளவாக்கில் அளக்க, ஃபர்ச்காட் குழாயைச் சுருள்வடிவில் வெட்டிப் பட்டையாக்கினார். முறை நேர்த்தியானது, பல ஆய்வகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. வெட்டும்போது குழாயின் உட்புறம் விரலிலோ கருவியிலோ உரசியது. உட்புறத்தைப் போர்த்தியிருந்த ஒற்றையடுக்குச் செல்களான எண்டோதீலியம் என்னும் உட்படலம் அதில் உதிர்ந்துபோனது. அந்த அடுக்கு வெறும் பூச்சு என்றே பலரும் நினைத்திருந்ததால் இழப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. பல ஆய்வகங்களும் ஒரே விதமாக உரசியதால் முடிவுகளும் ஒரே விதமாக வந்தன. திரும்பத் திரும்ப ஒரே முடிவு வந்தால் அது உண்மை என்று நம்பும் அறிவியல் பழக்கம், இங்கே தவறுக்கே காவலாக நின்றது.

திருப்பம் 1978 மே மாதம் நியூயார்க்கின் புரூக்ளினில் நேர்ந்தது. ஃபர்ச்காட்டுக்கு அப்போது வயது 61. அன்று தொட்டியில் தொங்கியது பட்டைக்குப் பதிலாகத் தமனி வளையம். நார்அட்ரினலினால் தசையைச் சுருக்கி, அதைக் கழுவி நீக்கிய பிறகு கார்பகால் சேர்க்க வேண்டும். ஆய்வக உதவியாளர் கழுவுவதற்கு முன்பே கார்பகாலைச் சேர்த்துவிட்டார். அசிட்டைல்கோலினின் உறவுப்பொருளான அது, மேலும் சுருக்குவதற்கு மாறாக வளையத்தைத் தளர்த்தியது. பிழையான சோதனை என்று தாளைக் கிழித்தெறிய எல்லா நியாயமும் இருந்தது. ஃபர்ச்காட் அதைத் துருவினார். பட்டையில் வராத தளர்ச்சி வளையத்தில் வருவதேன்? வளையத்தின் உட்புறத்தை வேண்டுமென்றே தேய்த்துப் பார்த்தார், தளர்ச்சி மறைந்தது. தேய்த்த பட்டையின்மேல், உட்படலம் சிதையாத மற்றொரு பட்டையை முகத்தோடு முகம் ஒட்டித் தொங்கவிட்டார், தளர்ச்சி திரும்பியது. உட்படலத்திலிருந்து ஏதோவொரு பொருள் கசிந்து தசையைத் தளர்த்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. ஜான் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து 1980-ல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று 1986-ல் அவரும், தனியே லூயிஸ் இக்னாரோவும் முன்மொழிந்தார்கள். 1998-ல் இருவருக்கும் ஃபெரிட் முராட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு சந்தைக்கு வந்த சில்டெனாஃபில், நரம்பு முனைகளும் உட்படலமும் வெளியிடும் இதே நைட்ரிக் ஆக்சைடின் செய்தியை நீடிக்கச் செய்யும் மருந்து.

இதைத் தற்செயலின் வெற்றி என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மையே. தவறான வரிசையில் மருந்து சேர்த்த உதவியாளர்கள் உலகெங்கும் இருந்திருப்பார்கள். 1953-ன் முரண்பாட்டை நினைவில் வைத்திருந்த ஒருவரின் கண்ணில் அது பட்டதுதான் வேறுபாடு.

அவரது தவறான பட்டைக்கும் பின்னாளில் ஒரு பொருள் கிடைத்தது. மனிதரின் இதயத் தமனிக்குள் அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 1986-ல் வெளியானது. நலமான தமனிகள் விரிந்தன. கொழுப்பு படிந்து நோயுற்றவை சுருங்கின. உட்படலம் தேய்ந்த முயல் பட்டை, நோயுற்ற மனிதத் தமனியின் மாதிரியாகவே இருந்திருக்கிறது. எதைச் சோதிக்கிறோம் என்பது மட்டும் அன்று எவருக்கும் தெரியவில்லை.

தொட்டியின் வேறு சில குறைகள் இன்னும் தீரவில்லை. பெருந்தமனி கைக்கு வசதியானது என்பதால்தான் சோதனைக்கு வந்தது. ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பவையோ மிகச்சிறு தமனிகள். அங்கே நைட்ரிக் ஆக்சைடைவிடப் பிற வழிகளின் பங்கு கூடுதல். சிறு தமனிகளை மெல்லிய கம்பிகளில் மாட்டி அளக்கும் கருவியை மல்வானியும் ஹால்பெர்னும் 1970-களிலேயே அமைத்துத் தந்தும், பெருந்தமனி வளையத்தோடு நின்றுவிடும் ஆய்வுகள் ஏராளம். நம் நாட்டில் இன்னொரு பழக்கமும் வேரூன்றியுள்ளது. மூலிகைச் சாறு ஒன்றைத் தொட்டியில் விட்டுக் குடல் தளர்ந்தால், வயிற்றுவலிக்கு மருந்து என்று கட்டுரை முடிந்துவிடும். சாற்றிலுள்ள பொட்டாசியமோ அமிலத்தன்மையோகூடத் தசையின் போக்கை மாற்றும். வாய்வழி உட்கொண்டால் அந்தச் செறிவு குடல் தசையை எட்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சரிபார்க்காத முடிவு தொட்டிக்கு வெளியே செல்லாது.

விலங்குகளின் உயிரும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அறிந்த ஒன்றையே மாணவருக்குக் காட்ட விலங்கைக் கொல்வதற்கு இன்று நியாயமில்லை. புதுச்சேரி ஜிப்மரில் ஆர். ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் போன்ற கணினி மென்பொருள்கள் கற்பித்தலில் அந்த இடத்தை நிரப்பியது வரவேற்கத்தக்கது. ஆனால் மென்பொருள் அதில் எழுதிவைத்த விடையை மட்டுமே தரும். அதில் 1978-ன் பிழை நேர்ந்திருந்தால் புதிதாக எதுவும் வெளிப்பட்டிருக்காது. ஆகவே ஆராய்ச்சிக்குத் தொட்டி இன்னும் தேவை, கட்டுப்பாட்டோடு தேவை. தமனி வளையத்தை முதலில் சுருக்கி, அசிட்டைல்கோலின் சேர்த்து, தளர்கிறதா என்று பார்த்து உட்படலத்தின் நலனை உறுதிசெய்வது இன்று நல்ல ஆய்வகங்களின் அன்றாட வழக்கம். மனிதத் திசுவை நாடுவது அடுத்த படி. சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் பைபாஸ் அறுவைச் சிகிச்சைகள் அன்றாடம் நடக்கின்றன. ஒட்டுக்காக எடுக்கும் தமனியின் வெட்டிக் கழித்த நுனிகளை, நோயாளியின் ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை மருத்துவக் கல்லூரிகளும் மருந்தியல் துறைகளும் சேர்ந்து செய்தால், முயலிடம் கேட்ட கேள்விகளில் பலவற்றை மனிதத் தமனியிடமே நேரடியாகக் கேட்கலாம்.