ஃப்ளாஷ் பட்டத்துக்கு வந்தவர்கள்

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் ஒரு வீரன் மடிந்தோ ஓய்ந்தோ ஒதுங்கியபின், அவனுடைய பெயரையும் வேஷத்தையும் கடமையையும் இளைய ஒருவன் பட்டம்போல் ஏற்றுக்கொள்வது நெடுநாளைய சம்பிரதாயம். அப்படி ஏற்றவனை முந்தியவனோடு பொருந்தும்படி வார்த்தெடுப்பதில் கதாசிரியர்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. விபத்து, காதல், பகை என்று ஒவ்வொன்றிலும் பழைய கதையின் நிழல் புதிய கதையின்மேல் விழுமாறு செய்துவிடுகிறார்கள். இதைக் கற்பனை வறட்சி என்று தள்ளிவிடுவோரும் உண்டு, காவிய லக்ஷணம் என்று கொண்டாடுவோரும் உண்டு. இரண்டுமே அவசர அபிப்பிராயங்கள் என்பது டிஸி நிறுவனத்தின் ஃப்ளாஷ் கதைகளை ஆதியிலிருந்து வாசிக்கிறவனுக்குப் புலப்படும்.

1940 ஜனவரி தேதியிட்ட 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' முதல் இதழில், கார்ட்னர் ஃபாக்ஸின் எழுத்திலும் ஹாரி லாம்பர்ட்டின் சித்திரத்திலும் தோன்றிய ஜே காரிக், ஆய்வுக்கூடத்தில் இரசாயன ஆவியைச் சுவாசித்து அசாத்திய வேகம் பெற்ற கல்லூரி மாணவன். அந்தப் பத்திரிகை 1949-இல் நின்றுபோயிற்று. ஏழாண்டுகள் கழித்து, ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பதிப்பாசிரியராக இருந்தபோது, 'ஷோகேஸ்' நான்காம் இதழில் பாரி ஆலன் என்ற போலீஸ் விஞ்ஞானி மின்னலாலும் சிதறிய இரசாயனங்களாலும் அதே வேகத்தை அடைந்தான். அந்த முதற்கதையிலேயே பாரி பழைய ஃப்ளாஷ் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருக்கிறான். அவனுக்கு ஜே ஒரு கற்பனைப் பாத்திரம், தான் விரும்பிப் படித்த கதையின் நாயகன், அவ்வளவே. தனக்குச் சக்தி வந்ததும் அவன் பெயர் தேடி அலையவில்லை; ரசித்த பெயரையே சூட்டிக்கொண்டான். 1961-இல், ஜேயைப் படைத்த அதே ஃபாக்ஸ் எழுதிய கதையொன்றில், பாரி வேறோர் உலகத்துக்குள் நழுவி, அங்கே நரை கண்டு இல்லறத்தில் அமைந்துவிட்ட ஜேயை நேரிலே சந்திக்கிறான். ரசிகன் தன் நாயகனின் வீட்டுக் கதவைத் தட்டும் அந்தக் காட்சியே இந்தப் பரம்பரையின் உயிர்நிலை என்பது என் எண்ணம்.

ஏனெனில் மற்ற ஒப்புமைகள் பெரும்பாலும் மேற்பூச்சு. பாரியின் மனைவியாகிய ஐரிஸ் வெஸ்டின் மருமான், சிறுவன் வாலி வெஸ்ட், பாரியின் ஆய்வுக்கூடத்திலேயே, பாரிக்கு நேர்ந்த விபத்து எள்ளளவும் மாறாமல் தனக்கும் நேர்ந்து கிட் ஃப்ளாஷ் ஆகிறான். இதைக் கதைப்பின்னல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐரிஸ் பத்திரிகை நிருபர், வாலி பிற்காலத்தில் மணக்கும் லிண்டா பார்க் தொலைக்காட்சி நிருபர். ஜேக்கு ஒரு வேகமான எதிரி, பாரிக்கு ஒரு வேகமான எதிரி, வாலிக்கும் ஒருவன். இந்த ஜோடிப்புகளை எத்தனை அடுக்கினாலும் ஒருவனுடைய குணம் மற்றவனுடைய குணத்தால் விளங்குவதில்லை.

ஆனால் ஒற்றுமை எப்போதுமே வீண் என்பதற்கில்லை. லீ ஃபாக் 1936-இல் படைத்து, தமிழிலும் வேதாளன் என்று பெயர்பெற்ற ஃபேண்டமை எடுத்துக்கொள்ளலாம். 21 தலைமுறைகளாகத் தந்தைக்குப்பின் மகன் அதே முகமூடியை அணிகிறான். வனவாசிகளும் பகைவர்களும் அவனைச் சாவற்ற ஒரே மனிதன் என்று நம்புகிறார்கள். அங்கே வித்தியாசம் தெரியாதிருப்பதுதான் ஆயுதம். ஃப்ளாஷின் உலகத்திலோ வீரர் சமூகம் முழுவதும் போனவனை அறியும், வந்தவனை அவனோடு எடைபோடும். ஆகையால் அங்கே ஒப்புமை வாரிசின் தோளில் பாரமாகத்தான் இறங்க முடியும்.

அந்தப் பாரத்தைக் கதையாக்கத் தெரிந்த காலமும் இருந்தது. 1985-இல் மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரஸ் வரைந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரில், உலகங்களை அழிக்கவல்ல பீரங்கியை ஓடி ஓடியே சிதைத்துப் பாரி உயிர்துறந்தான். பட்டம் வாலிக்கு வந்தது. 1987-இல் மைக் பாரன் தொடங்கிய கதைகளில் இந்த வாலியால் ஒலியின் வேகத்தை ஒட்டித்தான் ஓட முடிகிறது; ஓடிய களைப்புக்கு மலைமலையாக உண்ண வேண்டியிருக்கிறது; லாட்டரியில் பணம் விழுகிறது, அதைக் கூச்சமின்றி அனுபவிக்கவும் செய்கிறான். நற்குணமே உருவான பாரியின் பக்கத்தில் நிறுத்தினால் கொஞ்சம் சுயநலமும் சபலமும் உடைய வாலிபன். வாசகர்களில் பலருக்கு அவன் நெருக்கமானதும் அதனால்தான்.

மார்க் வெயிட் 1993-இல் எழுதிய 'தி ரிட்டர்ன் ஆஃப் பாரி ஆலன்' கதையில் மாண்டவன் மீண்டு வருகிறான். வந்தவன் வாலியின்மேல் பொறாமையுற்று, 'ஃப்ளாஷ் நான் ஒருவனே' என்ற வெறியோடு நகரத்தையே தாக்குகிறான். உண்மையில் அவன் 25-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயோபார்ட் தான் என்பவன். ஃப்ளாஷின் மேலுள்ள பித்தால் தன் முகத்தையே பாரியின் முகமாக மாற்றிக்கொண்ட ரசிகன். வாலியும் சிறுவயதில் ஃப்ளாஷ் ரசிகர் மன்றத் தலைவனாக இருந்தவன்தானே! ஒரு ரசிகன் நாயகனின் ஸ்தானத்தைப் பறிக்கத் துடிக்கிறான். இன்னொரு ரசிகன் அந்த ஸ்தானத்தை நிரப்பிவிட்டால் போனவர் நிஜமாகவே போனவராகிவிடுவாரே என்று அஞ்சி, தன்னையறியாமல் தன் வேகத்தையே கட்டிவைத்திருக்கிறான். அந்த அச்சம் அறுந்த கணத்தில்தான் வாலிக்குப் பூரண வேகம் கைகூடுகிறது. இங்கே ஒப்புமை அலங்காரமல்ல, கதையின் காரணமே அதுதான்.

இந்த முறையின் பெரும் பழுது கதாசிரியனின் மேஜையில் அல்ல, பதிப்பாளரின் கணக்கில் இருக்கிறது. 1994-இல் இம்பல்ஸ் என்ற பெயரில் அறிமுகமாகி வளர்ந்த பார்ட் ஆலன் 2006-இல் ஃப்ளாஷ் ஆக்கப்பட்டான். பதின்மூன்றே இதழ்களில் கொல்லப்பட்டான். 2008-இல் பாரி மெய்யாகவே உயிர்த்தெழுந்தான். மறு ஆண்டில் ஜெஃப் ஜான்ஸும் ஈதன் வான் ஸ்கைவரும், முன்பு ஹால் ஜோர்டனைப் பச்சை விளக்குப் பட்டத்தில் மீண்டும் அமர்த்திய அதே ஜோடி, பாரியையும் சிங்காதனம் ஏற்றினர். பால்யத்தில் படித்த நாயகன் திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கம் இயற்கையானதே. ஆனால் 1993-இல் இயோபார்ட் தானின் நோயாகச் சித்திரிக்கப்பட்ட ஆசையை நிர்வாகமே கொள்கையாக ஏற்றுக்கொண்டபோது, வாலி இருபதாண்டுகளுக்கு மேல் சுமந்த பட்டம் இரவல் நகையாகிவிட்டது. 2011-இல் அவன் கதையுலகத்திலிருந்தே அழிக்கப்பட்டு, 2016-இல் திரும்ப அழைக்கப்பட்டான்.

முந்தியவன் உயிரோடிருப்பதே குற்றம் என்று நான் வாதிக்கவில்லை. ஜே காரிக் பல்லாண்டுகள் உடனிருந்தும் பாரிக்கோ வாலிக்கோ இடையூறாகவில்லை, காரணம் அவனுக்கு வயதாயிற்று. இளையவர்கள் ஆலோசனை கேட்டு வரும் பெரியவராக அவன் அமைந்தான். பாரிக்கு அந்த முதுமையை அளிக்கப் பதிப்பாளருக்கு மனமில்லை. அதன் பலனாக இன்று பாரியும் வாலியும் ஒரே பருவத்தினர்போல ஒரே சிவப்பு உடையில் ஒரே பக்கத்தில் ஓடுகிறார்கள். ஓடுவது மாமாவா மருமானா என்று அறிய, வாசகன் இடுப்புப் பட்டையின் வளைவையும் கண்ணை மூடிய வெள்ளை வில்லைகளையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.