பாடாந்தரமும் பூஜையும்

ஆராதனை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சபைக் காரியதரிசி கேட்டபோது தட்ட முடியவில்லை. தியாகராஜ சுவாமிகளின் மூன்று சிஷ்ய பரம்பரைகளைப் பற்றி நம் அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாலாஜாபேட்டைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் காப்பாற்றப்பட்டதும், தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் 1908-இல் கிருதிகளை அச்சேற்றியதும் பெரிய தொண்டுகள். ஆனால் ஏட்டில் ஏறாத நெளிவுகள் உமையாள்புரத்தார் தொண்டையில்தான் தங்கின. அந்த வழியில் வந்தவன், அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் வாத்தியார் வராளி ராகத்தை நேரே சொல்லிக்கொடுக்க மாட்டார்; குரு சிஷ்ய உறவுக்கு ஆகாது என்ற நம்பிக்கை. கூடத்தில் தமக்காகப் பாடுவார். திண்ணையில் இருக்கும் நாங்கள் காதால் பிடித்துக்கொள்ள வேண்டும். தப்பாகப் பிடித்தால் திருத்த மாட்டார். மறுநாள் அதே இடத்தை இரண்டு தரம் பாடுவார்.

பாட்டை ஆதரித்த தஞ்சை அரசு 1855-இல் போனது. பிறகு ஜமீன்கள் போயின, சபாக்களும் ரேடியோவும் வந்தன. கேட்பவருக்காகப் பாடுவது தொழிலாகிவிட்டது, குற்றமில்லை. பாடகி நாகரத்தினம்மாள் தம் சொத்தைப் போட்டுத் திருவையாற்றில் சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பியது, பாட்டு சுவாமிக்கென்று ஓர் இடமாவது மிஞ்சட்டும் என்றுதான் என நினைக்கிறேன். அங்கே ஆராதனையில் எல்லோரும் கூடிப் பஞ்சரத்தின கிருதிகள் ஐந்தையும் பாடுவது, ஆராதனை நடத்திய கட்சிகள் ஒன்றான பிறகு 1940களில் வேரூன்றிய ஏற்பாடு. ஆதிவழக்கம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒவ்வொரு பரம்பரையும் தன் சங்கதியை விட்டுக்கொடுத்தால்தானே கூட்டாகப் பாட முடியும்? பொதுப்பாடம் எங்கள் பாடத்தோடு ஒட்டாத இடங்களில் வாத்தியார் வாய் திறக்காமல் தாளம் மட்டும் போடுவார். அதைவிடப் பெரிய பிரார்த்தனையை நான் பார்த்ததில்லை.

இன்றைய இளைய வித்வான்களின் ஞானம் எங்களுக்குக் கிடையாது. யாரையும் குறிப்பிட்டும் எழுதவில்லை. இருந்தாலும் பஞ்சரத்தினத்துக்கு முன் பைரவியில் வாசிக்கும் புல்லாங்குழல் முடிவதற்குள் முன்வரிசையில் முழங்கால் இடிக்கிறதே! கேமரா திரும்பினால் கண் மூடுகிறது, தன் சங்கதி மைக்கில் தனியாகக் கேட்கிறது. முதல் கிருதியான நாட்டையிலேயே கைப்பேசியைப் பார்த்துப் படிக்கிறார்கள். வராளியை யார் கேட்பது? ஆரபியில் காலப்பிரமாணம் நழுவி, ஸ்ரீராகம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டமாகிவிடுகிறது. பட்டுப்புடவை, கோட் பித்தான், காப்பிக் கூப்பன் எல்லாவற்றிலும் ஒழுங்கு இருக்கிறது. ஸ்வரத்துக்கும் சாகித்தியத்துக்கும் நடுவே மூச்சு விடுவதில் மட்டும் இல்லை. காவேரியில் முழுகிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பஞ்சரத்தினத்துக்கு முந்தின நாள் மாலை ஒரு தடவை, புத்தகமும் மைக்கும் இல்லாமல், ஐந்தையும் சேர்ந்து பாடிப் பார்க்கட்டும். பெரியவர்கள் இதை அடுத்த கமிட்டியில் வைத்தால் நான் தம்பூராவோடு வருகிறேன்.