கட்டம் இணைக்கும் கருவியும் அதன் குறிப்புரையும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என வகுத்த நன்னூலார், அவற்றுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதலே அக்குற்றம். இலக்கண நூல்களுக்கென எழுந்த இவ்வளவுகோல், கணினிக் கருவிகளின் குறிப்புரைகளை ஆராயவும் இன்று பெரிதும் பயன்படுகின்றது.

விரிதாளில் அடுத்தடுத்துள்ள கட்டங்களை ஒன்றாக்குவது எளிய செயல். ஆனால் அதனுள் ஓர் இழப்பு மறைந்துள்ளது. ஏ1 கட்டத்தில் ‘வகுப்பு’, பி1இல் ‘பாடம்’, சி1இல் ‘ஆண்டு’ என்று இருப்பதாகக் கொள்வோம். எக்ஸெலில் இம்மூன்றையும் இணைத்தால் ‘வகுப்பு’ மட்டுமே எஞ்சும். மற்ற இரண்டும் அழியும். பின்னர்க் கட்டங்களைப் பிரித்தாலும் அழிந்தவை மீளா. இதனை அறிந்தே எக்ஸெல், இணைப்பதற்கு முன் திரையில் எச்சரிக்கை ஒன்றைக் காட்டுகின்றது. மனிதன் அதனைப் படித்துக் கையை நிறுத்திக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு முகவரின் நிலை வேறு. முகவர் என்பது, மனிதர் இட்ட பணியைத் தானே பல படிகளாகப் பிரித்துக் கருவிகளை அழைத்து முடிக்கும் நிரல். பெரும்பாலும் அது திரையைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், அதற்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவையே அதற்குக் கிடைப்பவை. ஆகவே, திரை செய்துவந்த எச்சரிக்கைப் பணி முழுவதும் விளக்கத்தின் மேல் விழுகின்றது.

வழக்கிலுள்ள குறிப்புரைகள் மூன்றை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எக்ஸெலின் விபிஏ மொழிக்குரிய குறிப்பு, இணைந்த பகுதியின் மதிப்பு இடப்பக்க மேல்மூலைக் கட்டத்தில் இருக்கும் என்கிறது. இது பிழையன்று, ஆயினும் மற்ற மதிப்புகள் என்னவாயின என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். அக்கட்டளை எக்ஸெலுக்குள்ளேயே ஓடுவதால், நிரலர் அடக்கி வைக்காதவரை, எச்சரிக்கை அங்கும் தோன்றும். அதனால் அக்குறை அங்கே பெரிதாகத் தெரிவதில்லை.

கூகிள் ஷீட்ஸ் நிரலிடைமுகத்தின் குறிப்பில் இணைப்பு மூவகைப்படும். அவற்றுள் ‘நெடுவரிசைகளை இணை’ என்னும் பொருள்படும் பெயர் மயங்க வைக்கின்றது. நெடுவரிசைகள் ஒன்றோடொன்று சேருமோ என்று ஐயம் எழுகின்றது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனி இணைப்பு என அடுத்துள்ள விளக்கம் அவ்வையத்தைத் தீர்த்து வைக்கின்றது. எல்லையைக் குறிக்கும் முறையிலும் அக்குறிப்பு தெளிவுடையது. எண்ணிக்கை 0இல் தொடங்கும், முடிவெண் கணக்கில் சேராது என்று அது சொல்லிவிடுகின்றது. முதல் மூன்று வரிசைகளைக் குறிக்கத் தொடக்கம் 0, முடிவு 3 எனக் கொடுக்க வேண்டும். இவ்விதி தெரியாத முகவர் ஒரு வரிசை பிசகியே இணைக்கும்.

பைத்தான் மொழியிலுள்ள ஓபன்பைஎக்ஸெல் தொகுப்பின் குறிப்போ, மேல்மூலைக் கட்டம் நீங்கலாக மற்றவை தாளிலிருந்து நீக்கப்படும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. மூன்றனுள் சிறந்தது இதுவே. கோப்பை நேரே திருத்தும் அத்தொகுப்பில் குறுக்கே வந்து எச்சரிக்கும் திரை இல்லை; சொல்லே காவல் நிற்கின்றது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், 2025 மார்ச்சு மாதப் பதிப்பிலிருந்து, ஒரு கருவி அழிவு விளைக்கக் கூடியதா என்று குறிக்க இடமுண்டு. இது நல்ல ஏற்பாடே. எனினும் எது அழியும் என்பதை அக்குறி சொல்லாது. அதனைச் சொல்ல வாக்கியம்தான் வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டி நிரப்புவதும் தகாது. அது மிகைபடக் கூறல். முகவர் பல கருவிகளின் விளக்கங்களை ஒருசேரச் சுமக்கின்றது. நீளும் ஒவ்வொரு விளக்கமும் அதன் கவனத்தில் இடம் பிடிக்கின்றது. பின்வரும் அளவே போதும்:

“கொடுத்த எல்லைக்குள் உள்ள கட்டங்களை ஒன்றாக்கும். மேல்மூலை மதிப்பு மட்டும் நிற்கும், மற்றவை அழியும், பிரித்தாலும் மீளா. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் மதிப்பு இருந்தால், முதலில் பயனரைக் கேட்க. பின்னர் வரிசைப்படுத்த வேண்டிய அட்டவணையில் பயன்படுத்தற்க.”

கடைசி வாக்கியமும் வீணன்று. அளவு ஒவ்வாத இணைப்புக் கட்டங்கள் கலந்த பகுதியை எக்ஸெல் வரிசைப்படுத்த மறுத்துவிடும். தலைப்பு நடுவில் நின்றால் போதும் என்பார்க்கு, இணைக்காமலே தெரிவுப் பரப்பின் நடுவில் எழுத்தை நிறுத்தும் வசதியும் அதில் உண்டு.

சூத்திரம் சுருங்கியிருந்தால் உரையாசிரியர் வந்து விளக்குவார். மாணவர் எழுந்து வினவுவார். முகவருக்கு அருகில் உரையாசிரியர் இல்லை. ஐயம் எழாதவிடத்து அது வினவுவதும் இல்லை, எழுதியபடியே செய்துவிடுகின்றது. மாணவரின் ஓராண்டு மதிப்பெண்கள் ஒரு நொடியில் மறைந்தால், அக்குற்றம் இயந்திரத்தின் மேல் மட்டும் சாராது. ‘கட்டங்களை இணைக்கும்’ என்று எழுதி நிறுத்திய கையையும் சாரும். குன்றாமலும் மிகாமலும் எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியரின் பணிக்குக் கணினிக் கூடத்திலும் இடம் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.