‘இந்தியர்’ என்னும் வகைப்பாடும் கணக்கில் வராத தமிழரும்: சிங்கப்பூரை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என நான்கு இனங்களாக வகுக்கப்பட்டுள்ளனர். பள்ளியில் பயிலும் தாய்மொழியும், வீடமைப்புப் பேட்டைகளில் 1989 முதல் நடப்பிலிருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் இவ்வகைப்பாட்டைச் சார்ந்தே இயங்குகின்றன. இப்பல்லினக் கொள்கை ஒவ்வோர் இனத்தாரையும் அவ்வினத்துக்கு உரியதெனக் கருதப்படும் அச்சுக்குள் மேலும் பொருந்தச் செய்கிறது என்று ஜெஃப்ரி பெஞ்சமின் 1976இல் வாதிட்டார். பின்வந்த விவாதங்களில் இனங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வே பெரிதும் பேசப்பட்டது. ‘இந்தியர்’ என்னும் ஒரே பெயருக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வையும், அளவீட்டு முறையே அதனை மறைப்பதையும் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேலைவழிக் குடும்ப வருமானத்தின் மாத இடைநிலை அளவு இந்தியரிடையே 5,370 வெள்ளி. சீனரிடையே 5,100 வெள்ளி. மலாய்க்காரரிடையே 3,844 வெள்ளி. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர் இந்தியர் முன்னேறிவிட்டனர் என்று கொள்வர். அம்முடிவுக்கு முன் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டியுள்ளது.

முதலாவது, இவ்விந்தியர் யாவர்? 1990கள் முதல் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் உயர்கல்வி பெற்றோர் குடியேறி நிரந்தரவாசம் பெற்றனர். 2010இல் இந்தியருள் தமிழர் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. ஆகவே, இடைநிலை வருமானம் உயர்ந்ததைக் கொண்டு பழைய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் அதே அளவில் உயர்ந்தன என்று கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது, விடுபட்டோர் யாவர்? இனவாரி அட்டவணைகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கணக்கில் கொள்கின்றன. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ‘வொர்க் பர்மிட்’ பெற்று உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் அவற்றில் இடம்பெறுவதில்லை. சீனாவிலிருந்து வரும் தொழிலாளரும் அவ்வாறே விடுபடுகின்றனர். ஆதலின் இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. எனினும், இன ஏற்றத்தாழ்வை அளக்கும் அளவுகோல், அதே இனத்துள் மிகக் குறைந்த ஊதியம் பெறுவோரை அளக்காமல் விடுகிறது என்பது மறுக்கவியலாதது.

1991இல் தோன்றிய சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் நிதிக்கு இந்தியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமன்றி, ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ வைத்துள்ள வெளிநாட்டு இந்திய உயர்தொழிலரும் பங்களிக்கின்றனர். ‘வொர்க் பர்மிட்’ தொழிலாளர் அவ்வட்டத்துள் வருவதில்லை. குறைந்த ஊதியம் பெறுவோரிடம் பிடித்தம் செய்யாமை நியாயமே. ஆயினும், நாட்டுக்குப் புதியவராகிய இருவருள் ஒருவர் ‘இந்தியச் சமூகத்தவர்’ ஆவதும் மற்றவர் ‘வெளிநாட்டு ஊழியர்’ ஆவதும் இனத்தால் அன்று, அனுமதிச் சீட்டின் வகையால் என்பது இங்குப் புலனாகிறது.

அறிக்கையின் வாசிப்பு

2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2014 ஜூனில் வெளியாயிற்று. விபத்தைப் பற்றிய தவறான புரிதல், கூட்டத்தாரின் பண்பாட்டு உளவியல் கூறுகள், மதுப்பழக்கம் ஆகியவற்றை அது காரணங்களாகக் கண்டது. வேலை, வாழ்க்கை நிலைமைகள் மீதான அதிருப்தி காரணமன்று என்றது. சான்றுகளை ஆராய்ந்த குழுவின் இம்முடிவை முற்றாக மறுப்பதற்கில்லை. எனினும் ‘பண்பாடு’ என்னும் சொல் இங்குப் பெறும் பொருள் கவனத்திற்குரியது. 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கியது. அடுத்த மாதமே அதே வட்டாரத்தின் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. குடிமகனுக்கு மரபுடைமையாகும் பண்பாடு, தொழிலாளிக்குக் கலவரக் காரணமாகிறது.

2020இல் கோவிட்-19 பரவியபோது இப்பிரிவினை வெளிப்படையாயிற்று. நாளறிக்கைகள் நோயுற்றோரைச் ‘சமூகத்தில்’ என்றும் ‘தங்கும் விடுதிகளில்’ என்றும் பிரித்தே எண்ணின. விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்று அவ்வாண்டு டிசம்பரில் அரசு அறிவித்தது. நோய்த்தடுப்புக்கு அப்பிரிவு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால், விடுதி சமூகத்துக்கு வெளியே உள்ளது என்னும் கருத்தை அச்சொற்கள் நாள்தோறும் நிலைநாட்டின.

முடிவுரை

1950களில் கோ. சாரங்கபாணி தமிழ்த் தொழிலாளரைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுமாறு ஊக்கினார். இன்றைய சிங்கப்பூர்த் தமிழர் பலரின் உரிமைகளுக்கு அம்முயற்சியும் ஓர் அடிப்படை. அன்று கூலிகளாக வந்தோருக்குத் திறந்த அக்கதவு, குடும்பத்தை உடன் அழைத்து வரவும் இயலாத இன்றைய தொழிலாளருக்குத் திறப்பதில்லை. அக்கதவைத் திறப்பது அரசின் கொள்கை சார்ந்தது. ஆனால், ‘நம் சமூகம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுவது வகுப்பறையின் பணி. தமிழாசிரியர் அச்சொல்லைக் கற்பிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வீதிகளில் மாணவர் கேட்கும் தமிழ் யாருடையது என்று வினவுதல் நன்று. இந்நகரில் தமிழை வீட்டுமொழியாகவே கொண்டு வந்து சேர்வோரை விலக்கிவிட்டுத் தமிழின் எதிர்காலத்தைக் கணிப்பது, கணக்கெடுப்பின் குறையை நாமே மீண்டும் செய்வதாகும்.